சென்சார் மேல் வைத்த சந்தனம்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டீக்கடையில், மண் வெட்டும் வண்டி ஓட்டும் எட்டுப் பத்து ஆபரேட்டர்கள் நின்றுகொண்டிருந்தபோது, நான் ஒருவரை டீசல் திருடன் என்று சொன்னேன். அவர் திருடவில்லை. திருடவில்லை என்பதற்கான சாட்சி அன்று என் சட்டைப்பையிலேயே இருந்தது. செல்போனில் அவரே அனுப்பிய ஒரு புகைப்படம். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் படிப்பும் எனக்கு இருந்தது. ஆனாலும் சொன்னேன். இந்த வயதில் அதை மறைத்துவைத்துக்கொண்டு திரிய முடியவில்லை.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அளவீட்டுக் கருவிகள் என் பாடம். வெப்பம், அழுத்தம், வேகம் இவற்றை எதைக்கொண்டு எப்படி அளப்பது என்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தேன். சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின்மேல் ஊர்ந்து போவதால் எங்கள் பக்கம் அதற்குச் செயின் வண்டி என்று பெயர். எனக்கு முன்பு இரண்டு பேர் கை மாறி வந்த வண்டி.

தொழிலுக்காக வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அதன் இன்ஜினைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காலை முழுக்க நின்ற நாட்கள் உண்டு. தண்ணீரின் சூட்டை ஒரு சென்சார் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எண்ணெயின் அழுத்தத்தை இன்னொன்று. சுழலும் தண்டின் ஒவ்வொரு பல்லையும் எண்ணிக்கொண்டு ஒன்று. எல்லாம் கட்டைவிரல் அளவு, சில அதைவிடச் சிறியவை. இவ்வளவும் ஒரு கறுப்புப் பெட்டியிடம் போய்ச் சேதி சொல்ல, அது அடுத்த சொட்டு டீசல் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்கிறது. எங்கள் ஆய்வகத்தில் காற்றின் அழுத்தத்தை அளக்க ஆள் நெஞ்சளவு உயரத்தில் பாதரசக் குழாய் ஒன்று இருந்தது. உடைந்துவிடுமோ என்று யாரையும் கிட்டே விடமாட்டோம். இந்த வண்டியில் அதே வேலையை, சேற்றிலும் புழுதியிலும் குலுங்கிக்கொண்டே, தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு பொருள் செய்தது. காற்று உள்ளே போக அதில் ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான்.

பழைய வண்டியில் ஒரு தொல்லை. முந்தைய ஆட்கள் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவைத்திருப்பார்கள். அதனால் ஆபரேட்டருக்கு முன்னால் இருக்கும் திரையில் அடிக்கடி ஒரு எண் வரும். இன்ன சென்சாரில் இன்ன கோளாறு என்று அர்த்தம். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் இல்லை என்று சொல்லும். போய்ப் பார்த்தால் கனெக்டர் லூஸாக இருக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி ஏமாந்த பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எண் வந்தால் முதலில் அழித்துவிடு, மறுபடி வந்தால் கனெக்டரை ஆட்டிவிடு. இதை என் ஆபரேட்டருக்கும் சொல்லிவைத்தேன். கருவியை நம்பு, ஆனால் சரிபார் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன், சொந்த வண்டி வந்ததும் நம்பாதே, அழி என்று சொன்னேன்.

அந்த ஆபரேட்டர் பொம்மிடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். நான்கு வருடம் என்னிடம் ஓட்டினார். மண் அள்ளும் பக்கெட்டின் பல்லால் முட்டையை நகர்த்துவார் என்று மற்ற ஆபரேட்டர்கள் சொல்வார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கிணற்று மேட்டில் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளி விட்டு மண்ணை மட்டும் வழித்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கேபின், பூம் என்கிற நீளக் கை, பக்கெட் எல்லாவற்றுக்கும் அவர் பொட்டு வைத்தார். சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நான் பானட்டைத் திறந்தேன்.

"சார், வெளிய வெச்சா போதாதுங்களா? உள்ள இருக்கறதுக்கெல்லாம் எதுக்குங்க?"

"உள்ள இருக்கறதுதாம்பா வேல செய்யுது."

"அப்ப எனக்கும் ஒண்ணு வெச்சுடுங்க, நானும் உள்ளதான் குந்தியிருக்கறன்" என்று நெற்றியை நீட்டினார். வைத்தேன். பிறகு ஒவ்வொரு சென்சாருக்கும் வைத்தேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சிறிய பொருட்கள் இவ்வளவு அறிந்திருக்கின்றனவே என்ற வியப்பு, அதைக் காட்ட வேறு வழி தெரியவில்லை. காற்றழுத்த சென்சாரின் துளை வட்டமாக, பொட்டு வைக்கவே செய்ததுபோல இருந்தது. விரலை அழுத்தித் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன்.

சில வாரங்களில் வத்தல்மலைமேல் ஒரு பெரிய குட்டை வெட்டும் வேலை கிடைத்தது. வண்டி ட்ரெய்லரில் ஏறி, கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே போனது. இரண்டாம் நாள் காலையிலேயே போன் வந்தது.

"சார், ஒரு நம்பர் வருதுங்க. போட்டோ அனுப்பியிருக்கறன்."

"என்னா நம்பர்?"

"நூத்தியெட்டுங்க. பக்கத்துல ஒரு ரெண்டு. வண்டி ஆம்புலன்ஸ் கேக்குது போலங்க."

நானும் சிரித்தேன். அழித்துவிட்டு ஓட்டச் சொன்னேன்.

"அழிச்சனுங்க. காத்தால சாவி போட்டதும் மறுபடி வருது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வருதுங்க. மேல வந்ததுல இருந்து வண்டிக்கு மூச்சு முட்டறாப்புல இருக்குது. கரும்பொகையா கக்குது, இழுக்கவே மாட்டேங்குது. கீழ நல்லாத்தான இருந்துச்சு?"

"வண்டிக்கு மூச்சு முட்டுதா, உனக்கு முட்டுதா? குளுருக்குப் போத்திக்கிட்டு வெயில் வந்தப்பறம் எந்திரிக்கிறயோ என்னமோ."

அந்தப் போன் பேச்சை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையும் அதில் இருந்தது. எப்போது வருகிறது, எங்கே வந்த பிறகு வருகிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று எல்லாம் சொல்லிவிட்டார். என் மாணவன் ஒருவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

வேலை மெதுவாக நடந்தது. டீசல் பேரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானது. இந்தத் தொழிலில் டீசல் அதிகம் செலவானால் முதலாளியின் மனம் போகும் இடம் ஒன்றுதான். டீக்கடையில் ஒருவர் சும்மா பேச்சுக்கு, "மலைமேல யாரு சார் பாக்கறாங்க?" என்றார். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த பேரல் எடுத்துப்போக ஆபரேட்டர் கீழே வந்த அன்று காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவரைப்போன்ற ஆபரேட்டர்கள். நான் நின்றபடியே கேட்டேன்.

"டீசல் எங்கப்பா போவுது?"

"வண்டிதாங்க குடிக்குது."

"நாலு வருசமா குடிக்காத வண்டி இப்ப மட்டும் குடிக்குதா?"

"அதத்தான் நானும் கேக்கறனுங்க. அந்த நம்பர் என்னான்னு பாருங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டன்."

"நம்பர் மேல பழி போடாத. நம்பரா டீசலத் திருடுது? திருடறவன் பேரு திருடன்தான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குடித்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, டம்ளருக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார். பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.

ஆபரேட்டர் ஒருவர் ஒரு வண்டியை விட்டு விலகும்போது சாவியை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இது எழுதாத வழக்கம். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கூடக் கையில்தான் கொடுப்பார். அவர் பெஞ்சில் வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். என் கை வாங்கத் தகுதியற்றது என்று அதற்கு அர்த்தம். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். ஒரு வாரம் கழித்து, கல்குவாரி எடுத்து நடத்தும் ஒருவர் போன் செய்து, உங்களிடம் ஓட்டியவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், ஆள் எப்படி என்று கேட்டார். "வேலை சுத்தமா செய்வாரு. டீசல் மேல மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க" என்றேன். டீக்கடையில் பேசியது ஆத்திரத்தில் என்று சொல்லிக்கொள்ளலாம். இது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நிதானமாக, நல்லவனுடைய குரலில் சொன்னது. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் ஆபரேட்டருக்கு உள்ள சொத்து அவர் பெயர் ஒன்றுதான்.

புது ஆபரேட்டர் மலைக்குப் போனார். போன மறுநாளே அதே கரும்புகை, அதே டீசல் செலவு, காலையில் சாவி போட்டதும் அதே எண். "சார், நம்பர் ஒண்ணு வருதுங்களே" என்று அவர் போனில் சொன்னதும், முன்பு வந்த படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

தருமபுரி டவுனில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். லாப்டாப்பை இணைத்து இன்ஜினின் பெட்டியோடு பேசத் தெரிந்தவர். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு மலையேறினேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பாதி வெட்டிய குட்டையின் ஓரத்தில் வண்டி நின்றது. வழியெல்லாம் நான் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். பாய் ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வருதுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப இன்ஜின் மேல தப்பு இல்ல சார். டீசல் மேலயும் இல்ல."

வண்டியில் லாப்டாப்பை மாட்டினார். சாவியை மட்டும் போடச் சொன்னார், ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றார். திரையில் இரண்டு வரிகளைக் காட்டினார்.

"இது வெளிக்காத்து பாக்கற சென்சார், நூத்தியெட்டு இதோட நம்பர்தான்; பக்கத்துல ரெண்டுன்னா சொல்ற கணக்கு ஒத்துவரலன்னு அர்த்தம். இது டர்போ அமுக்கி உள்ள தள்ளற காத்தப் பாக்கறது. இன்ஜின் ஓடல. ரெண்டும் இப்ப ஒரே காத்துலதான் இருக்குது. ஒரே நம்பர்தான சொல்லோணும்?"

ஒன்று தொண்ணூறு என்றது. மற்றது தொண்ணூற்றாறு என்றது. கிலோபாஸ்கல் கணக்கு.

"இதுல எது பொய் சொல்லுது? நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லுங்க."

எனக்குத் தெரியும். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருக்கிறேன். இந்த மலையுச்சிக்குத் தொண்ணூறுதான் சரி. தொண்ணூற்றாறு கீழே இருக்கும் எங்கள் ஊர்க் காற்று. அதை அறிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொன்ன சென்சார் பொய் சொல்லவில்லை. அதன் சின்ன அறைக்குள் அதியமான்கோட்டைக் காற்று அடைபட்டு, மலையேறி, இங்கே உட்கார்ந்திருந்தது. தனக்குத் தெரிந்த காற்றை அது உண்மையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கறுப்புப் பெட்டி இரண்டு பேச்சையும் கேட்டு, இரண்டும் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொரு காலையிலும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் டீசலையும் தாறுமாறாக ஊற்றியிருந்தது.

பாய் அந்த வெளிக்காற்று சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார்.

"ஓட்டையில என்னா சார் இது, செவுத்துக்குப் பட்டி பாத்த மாதிரி?" நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "சந்தன வாசம் வருது!" என்று உரக்கச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யாரு வெச்சது?"

"நான்தான் பாய்."

அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. ஊக்கு முனையால் பொறுக்கு பொறுக்காக எடுத்தார். நடுவில் குங்குமத்தின் சிவப்பு இன்னும் இருந்தது. சுத்தம் செய்து மாட்டி, சாவி போட்டார். இரண்டு வரியிலும் தொண்ணூறு. ஸ்டார்ட் செய்ததும் முதல் புகை கறுப்பாக வந்து, பிறகு ஒன்றுமே தெரியாமல் போனது. புது ஆபரேட்டர் பக்கெட்டைத் தூக்கியபோது வண்டி அடையாளம் தெரியாத அளவுக்குச் சுறுசுறுப்பாக இருந்தது.

"கோளாறு சரியாயிடுச்சு. ஆனா எத்தன தடவ வந்துச்சுன்னு உள்ள எழுதிவெச்சிருக்குது. அதையும் அழிச்சுடட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன்.

அன்று மாலையே பொம்மிடிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் யாரோ ஒருவருடைய டிராக்டரின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லி, மலையில் நான் எடுத்துவந்த, துளை அடைத்த சென்சாரின் படத்தைப் போனில் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சந்தனமாங்க?"

"ஆமாப்பா."

"வெளிய வெச்சா போதும்னு அன்னிக்கே சொன்னன்." நெடுநேரம் பார்த்தார். அந்தத் துளைதான் காற்றைப் பார்க்கிறது என்று விளக்கினேன். "இத்தினியூண்டு இருந்துகிட்டு மலை ஏறிட்டமான்னு பாக்குதுங்களா" என்றார். ஒரு கணம் இருவருமே நடந்ததை மறந்து அதை வியந்துகொண்டிருந்தோம். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னாங்க ஆவப்போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை டீக்கடையில் சொன்னேன். பழைய வாத்தியார் பழக்கத்தில் காற்றழுத்தத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"சார், பாடம் வேணாம், விசயத்துக்கு வாங்க" என்றார் ஒருவர்.

"அவர் திருடல. தப்பு என்னோடது. நான் வெச்ச சந்தனம் சென்சார அடைச்சு, வண்டிதான் டீசலக் குடிச்சிருக்குது" என்றேன்.

"அப்ப சாமிதான் டீசல் குடிச்சுச்சுன்றீங்க!"

"வாத்தியாரு சென்சாருக்குச் சந்தனம் வெச்சாரு, ஆபரேட்டருக்கு நாமம் போட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று அவர் இருந்த இடத்தில் நான் நின்று அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், "அந்தாளு அதுக்கப்பறம் இந்தக் கடைக்கே வர்றதில்ல சார்" என்றார். குவாரிக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். "பரவால்ல சார், வேற ஆள் போட்டாச்சு" என்று அவர் வைத்துவிட்டார். நான் சொன்ன முதல் சொல் எத்தனை காதுகளுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது சொல் அத்தனை காதுக்கும் போயிருக்காது என்று மட்டும் தெரியும்.

குட்டை வேலை முடியும் நேரத்தில் அவரிடமிருந்தே போன் வந்தது.

"வண்டிய எப்பங்க எறக்கறீங்க?"

"நாளன்னிக்கு."

"மேல ரோடு சின்னது. ட்ரெய்லர் நேரா நிக்காது. அந்தப் புது ஆளு ஏத்திடுவாருங்களா?"

"பயப்படறாருப்பா."

"நான் வரன். ஏத்தி எறக்கித் தரன். அதோட சரி."

வந்தார். சாய்வாக நின்ற ட்ரெய்லரின்மேல், ஒரு பக்கம் பள்ளம், பக்கெட்டைத் தரையில் ஊன்றிப் பின்பாதியைத் தூக்கி, செயினைப் பலகைமேல் ஒரு சாண் ஒரு சாணாக ஏற்றினார். அவ்வளவு எடை, பூனை மதில்மேல் ஏறுவதுபோல ஏறியது.

பாயிடம் ஒரு சிறு கருவியை இரவல் வாங்கிவந்திருந்தேன். வண்டியில் செருகினால் போனிலேயே அந்த இரண்டு வரிகளையும் பார்க்கலாம். இறங்கும் வழியில் கட்டுச் சங்கிலிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க டிரைவர் சில வளைவுகளில் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் என் ஆபரேட்டர் ட்ரெய்லர்மேல் ஏறி, கேபினுக்குள் சாவி போட்டு, எண்ணைக் கத்திச் சொன்னார். மேலே தொண்ணூறு. பிறகு தொண்ணூற்றொன்று. நான்கு வளைவு தாண்டித் தொண்ணூற்று மூன்று. அடுத்த நிறுத்தத்தில், "ரெண்டும் தொண்ணூத்தஞ்சுங்க! எறங்கறது தெரியுதுங்க அதுக்கு!" என்று குரலை உயர்த்தினார். நான் பின்னாலேயே வந்த காரை விட்டு இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் நான் கரும்பலகையில் வரைந்த கோடு, உண்மையான மலையில், உண்மையான காற்றில், அவர் வாயால் இறங்கி வந்துகொண்டிருந்தது. இந்தப் பூமியைச் சுற்றி இவ்வளவு காற்று நிற்கிறது, அதன் அடியில் நாம் நடக்கிறோம், அதை ஒரு துளை அறிகிறது. எனக்குக் கண் கலங்கியது.

என் இடத்தில் வண்டியை இறக்கி, பக்கெட்டைத் தரையில் படியவைத்து, பேட்டரி சுவிட்சை அணைத்தார். நான் கையை நீட்டினேன். அவர் சாவியைக் கொடுக்கவில்லை.

"ஒரு டீ சாப்புடலாம் வாங்க" என்று முன்னால் நடந்தார்.

டீக்கடையில் கூட்டம் இருந்தது. அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டார். அவர் உட்காரவில்லை. எல்லோரும் பார்க்க நின்று டீயைக் குடித்து முடித்தார். நாளையிலிருந்து வந்துவிடு என்று கேட்டேன்.

"வேணாங்க. ஓசூர்ப் பக்கம் ஒரு வண்டிக்கு ஒத்துக்கிட்டனுங்க."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கையில் வைத்து, ஒரு கணம் அழுத்தி, தன் கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஓட்டைய மட்டும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.